சிர்கோனியமும் இரண்டு சம்பந்திகளும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் வேலை உலோகத்தை இழுத்து உடைப்பது. விரல் பருமன் கம்பியை இயந்திரத்தின் இரண்டு பிடிகளுக்கு நடுவே மாட்டி, அறுந்து விழும்வரை இழுத்து, எவ்வளவு தாங்கியது என்று எழுதிக் கொடுப்பேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் உண்டு. உலைக்காரர் மெக்னீசியத்தை உருக்கி வார்ப்பார். லென்ஸ்காரர் அதில் ஒரு துண்டை வெட்டி, முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றி, அமிலத்தில் நனைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மிச்சம் என்னிடம் வரும். உலை, லென்ஸ் என்பவை நாங்கள் வைத்த பட்டப்பெயர்கள். அவர்களே ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள், அதுவும் சண்டைக்கு.

சண்டை எப்போதும் மணிகளைப் பற்றி. வெறும் கண்ணுக்கு மெக்னீசியம் வழவழவென்று ஒரே வெள்ளையாகத் தெரியும். நுண்ணோக்கிக்கடியில் அது கல் பாவிய தரை மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். அந்தக் கட்டங்களைத்தான் மணி என்போம். மணிகள் பொடியாக இருந்தால் உலோகம் கொஞ்சம் வளைந்து கொடுத்துப் பாரம் தாங்கும். பெரிதாக வளர்ந்துவிட்டால் பட்டென்று விரிசல் விடும். அவற்றைப் பொடியாக வைத்திருக்கத்தான் சிர்கோனியம் சேர்ப்போம். நூறு பங்குக்கு ஒரு பங்குகூட வேண்டாம். அதை வரவழைத்து எடை போட்டு உலைக்கு அனுப்புவதும் லென்ஸ்காரர்தான். உலோகம் உறைகிறபோது சிர்கோனியத் துணுக்கு ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு ஒரு மணி வளரத் தொடங்கும். துணுக்குகள் கணக்கில்லாமல் கிடப்பதால் எந்த மணிக்கும் கைகால் நீட்ட இடம் இருக்காது. ஒரே ஒரு சிக்கல், சிர்கோனியத்துக்கு அலுமினியம் ஆகவே ஆகாது. கொஞ்சம் அலுமினியம் உள்ளே வந்தால் போதும், அதோடு ஒட்டிக்கொண்டு பாத்திரத்தின் அடியில் போய்ப் படுத்துவிடும். அதன்பிறகு சிர்கோனியம் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். இது எங்கள் மூன்று பேருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"யோவ் உலை, என்னய்யா வார்த்திருக்கே. மணி ஒவ்வொண்ணும் பூசணிக்கா சைஸ்ல இருக்கு" என்று லென்ஸ்காரர் நடைக்கூடத்திலிருந்தே ஆரம்பிப்பார்.

"உன் கண்ணாடிய மொதல்ல தொடைய்யா. அதுல ஒட்டின தூசியப் பாத்துட்டு மணிங்கறே" என்று உலைக்காரர் உலைக்கூடத்திலிருந்து பதில் சொல்வார்.

வேலை நேரம் முடிந்தும் இது ஓயாது. உலைக்காரரைக் கூட்டிப்போக அவர் மகன் வண்டி எடுத்துக்கொண்டு வருவான். லென்ஸ்காரருக்கு வண்டி ஓட்டுவதென்றால் நடுக்கம், அதனால் அவரைக் கூட்டிப்போக மகள் வருவாள். இரண்டு பிள்ளைகளும் வாசலில் இருந்த ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உள்ளே கேட்கும் சத்தம் அடங்கக் காத்திருப்பார்கள். அப்பன்மார்கள் மணியின் அளவைப் பற்றிக் கத்த, பிள்ளைகள் வேறு விஷயங்களைப் பேசியிருக்கிறார்கள். ஒரு நாள் இருவரும் சேர்ந்து உள்ளே வந்து, கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, சண்டை நடுவாக்கியத்தில் நின்றது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பிள்ளைகளைவிட அப்பன்மார்கள்தான் அதிகம் சிரித்தார்கள். வினை, இருவரும் வேலைக்குத் திரும்பிய அன்று தொடங்கியது.

நடைக்கூடத்தின் கதவருகே இருவரும் எதிரெதிரே வந்தார்கள். உலைக்காரர் இடுக்கியில் சூடான வார்ப்புத் துண்டு ஒன்றைப் பிடித்திருந்தார்.

"நீங்க மொதல்ல வாங்க சம்பந்தி" என்றார் லென்ஸ்காரர், சுவரோடு ஒட்டிக்கொண்டு.

"அதெப்படி, நீங்க மொதல்ல போங்க சம்பந்தி."

"சேச்சே, நீங்க மாப்பிள்ளையோட அப்பா."

"அதுக்காக? பொண்ணக் குடுத்தவரு நீங்க."

நான் பின்னால் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். துண்டு ஆறி, கோப்பையும் ஆறி, கடைசியில் நான்தான் இருவருக்கும் நடுவே புகுந்து முதலில் போனேன்.

அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்தில் சத்தமே இல்லை. புதிதாக வருகிறவர்கள் நல்ல இடம் என்பார்கள். எனக்கு என்னவோ துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. போதாததற்கு என் இயந்திரத்தின் பிடிகள் தேய்ந்து, மாற்றுப் பிடிக்குக் காத்திருந்த சமயம் அது. உடைக்க எதுவுமில்லை. அதனால் மற்றவர்கள் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது மடக்கு ஸ்ட்ரெச்சர். ஆம்புலன்ஸ்காரர்கள் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது என்பதால் எடை குறைவாக இருக்க வேண்டும். கைப்பிடிகளையும் கால்களையும் சட்டத்தோடு பிணைக்கிற கொண்டிகளை மெக்னீசியத்தில் வார்த்தோம். கல்யாணத்துக்கு முன்னால் வார்த்தவை அருமையாக வந்திருந்தன. கல்யாணத்துக்குப் பின்னால் வார்த்தவற்றில் மணிகள் ஊதத் தொடங்கின. லென்ஸ்காரர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அறிக்கையில் இப்படி எழுதினார்: "மணிகள் செழிப்பாக வளர்ந்துள்ளன."

"என்ன சார் இது, செழிப்புன்னு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பொய் இல்லையேம்மா" என்றார். "பெருசா இருக்குன்னு எழுதினா அவர் வார்ப்பு சரியில்லன்னு சொன்ன மாதிரி ஆயிடும். எம்பொண்ணு அந்த வீட்டுலதானே இருக்கா."

எங்கள் மேலாளருக்கு அடுத்தது என்று பெயர். எதைச் சொன்னாலும் பாதி கேட்டுவிட்டு "சரி, அடுத்தது?" என்பார். அவர் அறிக்கையில் செழிப்பு என்ற சொல்லைப் பார்த்தார், முகம் மலர்ந்தார், ஆம்புலன்ஸ் நிலையத்திலிருந்து ஆட்களை வரச்சொல்லி நாள் குறித்துவிட்டார். இன்னும் இழுத்துப் பார்க்கவில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். "செழிப்பா இருக்குன்னு அவரே எழுதியிருக்காரேம்மா. சரி, அடுத்தது?" என்றார்.

ஆம்புலன்ஸ் நிலையத்திலிருந்து ஒரு ஓட்டுநர் அம்மாவும் உதவியாளர்கள் இருவரும் வந்தார்கள். கூடத்தின் நடுவில் ஸ்ட்ரெச்சரை விரித்து வைத்தோம். மேலாளர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, சின்னப்பிள்ளைகூடத் தூக்கலாம், யானையே படுக்கலாம் என்று விளக்கிவிட்டு, தானே ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். உதவியாளர்கள் தூக்கினார்கள். இடுப்புயரம் வந்ததும் நாக்கைச் சப்புக்கொட்டினாற்போல் ஒரு சின்னச் சத்தம். தலைமாட்டுக் கொண்டி இரண்டாகப் பிளந்தது. மேலாளர் தலைகீழாகச் சறுக்கி, தரையில் போய்ச் சேர்ந்தார். அடி ஒன்றும் படவில்லை. எழுந்திருக்காமல் அங்கிருந்தபடியே, "அடுத்தது, கேள்விகள் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இதுல நோயாளிதான் படுக்கணுமா, இல்ல படுத்ததுக்கப்புறம் நோயாளி ஆகணுமா?" என்று ஓட்டுநர் அம்மா கேட்டார்.

உடைந்த துண்டை, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்க வெளியே அனுப்பினோம். முடிவு வரும்வரை உலைக்கூடத்தில் வேலை நிறுத்தம். ஒரு மத்தியானம் நான் அந்தப் பக்கம் போனபோது உலைக்காரர் அணைந்த உலைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையுறையைக் கழற்றி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை போச்சும்மா" என்றார். "அதே உலை, அதே சூடு, அதே கலக்கல். ஒண்ணும் மாத்தல. ஆனா வர்றது வேற மாதிரி வருது. வயசாயிடுச்சு போல."

"லென்ஸ் சார் என்ன சொல்றார்?"

"அவரு பாவம், பெரிய மனுஷன். செழிப்பா இருக்குன்னு எழுதறார். முன்னாடின்னா என்னக் கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பான். எங்க தப்புன்னு எனக்கும் தெரிஞ்சிருக்கும்."

அந்த நேரத்துக்கு எதைச் சொன்னாலும் பொய்யாக இருக்கும் என்று தோன்றியது. கழற்றிய கையுறையை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் லென்ஸ்காரரின் மகள், அதாவது உலைக்காரரின் மருமகள், அப்பாவைக் கூட்டிப்போக வந்தவள், என் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் களைப்பு.

"அக்கா, எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல. வீட்டுல மாமா வந்து, 'உங்கப்பா என்மேல வருத்தமா இருக்காராம்மா, எதையும் வாயத்தொறந்து சொல்ல மாட்டேங்கறாரே'ங்கறாங்க. அப்பா போன் பண்ணி, 'மாமா பழைய உலோகம் எதையாவது உருக்கிட்டாரான்னு நீ நைசாக் கேளு, நான் கேட்டதாச் சொல்லாத'ங்கறார். நான் என்ன, ரெண்டு நாட்டுக்கு நடுவுல தூது போற ஆளா? எனக்கு மெக்னீசியம்னா வாழைப்பழத்துல இருக்கும்ங்கறது மட்டுந்தான் தெரியும்."

"ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேச விடேன்."

"வெச்சேனே. போன ஞாயித்துக்கிழம. 'சாப்பிடுங்க சம்பந்தி', 'நீங்க சாப்பிடுங்க சம்பந்தி'ன்னு சாப்பாடே முடிஞ்சிருச்சு."

முடிவு வந்தது. சிர்கோனியம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அலுமினியம், இருக்கவே கூடாத அலுமினியம், தாராளமாக இருந்தது. மேலாளர் எங்கள் மூவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"அலுமினியம் எப்படி வந்துச்சு?"

"என் தப்புதான் சார்" என்றார் லென்ஸ்காரர் உடனே. அவர் மனத்தில் ஓடியது எனக்குத் தெரியும். சம்பந்தி ஏதோ அலுமினியம் கலந்த பழைய சாமானை உருக்கிவிட்டார், காட்டிக்கொடுக்கக் கூடாது.

"இல்ல சார், என் தப்பு" என்றார் உலைக்காரர். லென்ஸ்காரர் வரவழைத்து எடைபோட்டு அனுப்புகிற சிர்கோனியமே கெட்டுப்போன சரக்கு, பாவம் அவரை மாட்டிவிடக் கூடாது என்பது இவர் எண்ணம்.

"அப்படிச் சொல்லாதீங்க சம்பந்தி, என் தப்பு."

"நீங்க விடுங்க சம்பந்தி. நாந்தான்."

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "முன்னாடி ரெண்டு பேரும் தப்பை அடுத்தவர் தலையில கட்டுவீங்க. நான் ஆளுக்குப் பாதியா நம்பி உண்மையக் கண்டுபிடிப்பேன். இப்ப ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா நான் என்னய்யா பண்றது?" வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அடுத்ததுக்குப் போகவில்லை. "நாளைக்கு ஒரு உலை போடுங்க. சிர்கோனியத்த எடை போடறதுலேர்ந்து வார்க்கறவரைக்கும் ரெண்டு பேரும் கூடவே நில்லுங்க. நீங்களும் நில்லுங்கம்மா, உங்களுக்குத்தான் உடைக்க ஒண்ணுமில்லையே."

காலையில் லென்ஸ்காரர் மாஸ்டர் அலாயை, அதாவது மெக்னீசியத்தோடு சிர்கோனியம் கலந்து கட்டியாக வருவதை, தராசில் வைத்து எடை போட்டார். ஒரு குற்றமும் சொல்ல முடியாத வேலை. பிறகு இழுப்பறையைத் திறந்து பளபளவென்று ஒரு தாள் சுருளை எடுத்து, கட்டிகளை நான்கு பொட்டலமாக, ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, ஓரங்களை மடித்து நகத்தால் நீவிவிட்டார். கடையில் நகைப் பெட்டி கட்டித் தருவது போல இருந்தது. அவர் இவ்வளவு நேர்த்தியாக எதையும் கட்டி நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பழைய பேப்பரில் மடித்து, "இந்தா, கொண்டுபோய்க் கொட்டு" என்று அனுப்புவார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்துத்தான் போடுவார்கள் என்று யாருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது.

உலைக்கூடத்தில் பாத்திரம் தயாராக இருந்தது. உருகிய மெக்னீசியத்தின் மேல் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் காப்பு வாயு சீறிக்கொண்டிருந்தது. உலைக்காரர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பொட்டலங்களை வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளாதது ஒன்றுதான் பாக்கி. துளை போட்ட இரும்புக் கூடையில் நான்கையும் அப்படியே அடுக்கினார். நீளக் கம்பியில் கூடையை மாட்டி உலை வாய்க்கு மேலே கொண்டுபோனார்.

பாதுகாப்புக்காகத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற லென்ஸ்காரர் தொண்டையைச் செருமினார். "சம்பந்தி."

"சொல்லுங்க சம்பந்தி."

"அதப் பிரிக்கலையா?"

"நீங்க கட்டிக் குடுத்தத நான் பிரிக்கறதா? ஒரு நாளும் இல்ல. இதுவரைக்கும் ஒண்ணக்கூடப் பிரிச்சதில்ல சம்பந்தி" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே கூடையை இறக்கப்போனார்.

"நிறுத்துய்யா! அது அலுமினியம்யா!"

கம்பி அந்தரத்தில் நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் கேட்ட முதல் கூச்சல் அது. உலைக்காரர் கூடையை மெல்ல வெளியே எடுத்து, மணல் தட்டில் வைத்து, முகக்கவசத்தைத் தூக்கினார்.

"அலுமினியமா? இது மெக்னீசியத் தாள் இல்லையா?"

"மெக்னீசியத் தாள்ல எவன்யா பொட்டலம் கட்டுவான்? கடையில வாங்கின சமையலறைத் தாள்யா அது."

"பாத்திரத்துக்குள்ள போறதுதானே, விவரமா மெக்னீசியத்துலயே சுத்தி அனுப்பறீங்கன்னு நெனச்சேன். எங்க சம்பந்தி மூளையே மூளைன்னு வீட்டுல வேற சொல்லிட்டேன்." குரல் மெல்ல ஏறியது. "சிர்கோனியத்த அலுமினியத்துல கட்டிக் குடுத்த ஒரே ஆளு நீதான்யா. உனக்கெல்லாம் எவன்யா லென்ஸக் குடுத்தான்?"

"நீ எதுக்குய்யா பிரிக்காம போட்டே? கல்யாணப் பரிசு வந்தாக்கூட நாலு பேர் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க?"

"பிரிச்சா எடை சரியா இருக்கான்னு சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடாது? மரியாதை வேணாம்?"

"பழைய பேப்பர்ல மடிச்சுக் குடுத்தா சம்பந்திக்கு மரியாதையா இருக்குமான்னுதான்யா நானும் தாள் வாங்கினேன்."

"உன் மரியாதையத் தூக்கி அந்த உலையில போடு. நான் கை போச்சுன்னு ராத்தூக்கம் இல்லாம கெடந்தேன்யா. மணி பெருசா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?"

"செழிப்புன்னு எழுதினேனே."

"செழிப்பாம். வயக்காடாய்யா இது?"

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு முதுகுத்தண்டில் வெயில் பட்ட மாதிரி இருந்தது. மேலாளர் அறையிலிருந்து எட்டிப்பார்த்தார், சத்தத்தைக் கேட்டார், நிம்மதியாக மறுபடி உள்ளே போனார். உலை சூடாகக் காத்துக்கொண்டிருப்பதை நான்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது. லென்ஸ்காரர் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடிவந்து, திட்டிக்கொண்டே பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உலைக்காரர், திட்டிக்கொண்டே வெறும் கட்டிகளைக் கூடையில் போட்டு இறக்கினார். கலக்கி, கொஞ்ச நேரம் விட்டு, வார்த்தார்கள்.

மத்தியானம் லென்ஸ்காரர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. வைத்த கண்ணை எடுக்காமலே, "யோவ் உலை, வந்து பாருய்யா" என்றார். உலைக்காரர் பார்த்தார். பிறகு நான் பார்த்தேன். போன வார்ப்புவரை ஜல்லி கொட்டினது போலக் கிடந்த இடத்தில் மணல் பரப்பியது போல மணிகள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, பொடிப்பொடியாக. உலைக்காரர் மறுபடி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். லென்ஸ்காரரின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அதில் கோபம் பாதிதான்.

வீட்டில் மட்டும் கொஞ்சம் சிக்கல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் லென்ஸ்காரர் பழக்கதோஷத்தில் "யோவ், அந்தத் தண்ணிய எடு" என்று சொல்லிவிட, உலைக்காரரின் மனைவி பரிமாறிய கரண்டியோடு நின்றுவிட்டாராம். மருமகள்தான் வழி சொன்னாள். "வீட்டு வாசப்படி தாண்டி உள்ள வந்தா 'வாங்க போங்க'. வெளிய என்ன வேணா பேசிக்கங்க. ஆனா எனக்கு இனிமே போன் பண்ணி எதையும் நைசாக் கேக்கச் சொல்லக் கூடாது." அதிலிருந்து முக்கியமான விஷயமென்றால் இருவரும் சாப்பாட்டுக்கு நடுவே எழுந்து தெருவுக்கு வந்துவிடுகிறார்களாம்.

என் இயந்திரத்துக்கும் பிடிகள் வந்தன. புதிய கம்பிகளை மாட்டி இழுத்தேன். அவை சட்டென்று அறுந்துவிடாமல், நீண்டு, இளைத்து, என்னைக் காக்க வைத்துத்தான் அறுந்தன. உடைக்கிறவளுக்கு இதைவிட மரியாதை கிடையாது.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அம்மாவை மறுபடி வரவழைக்க மேலாளர் ரொம்பக் கெஞ்ச வேண்டியிருந்தது. இந்த முறை முற்றத்தில் வைத்துக் காட்டினோம். யார் படுப்பது என்ற கேள்வி வந்ததும் மேலாளர் ஒரு அடி பின்னால் போனார். "செஞ்சவங்களே படுக்கட்டும்" என்றார்.

"நீ படுய்யா, நீதானே வார்த்தே" என்றார் லென்ஸ்காரர்.

"நீதானே சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டே. நீ படு."

"ரெண்டு பேரும் ஏறுங்க" என்றார் ஓட்டுநர் அம்மா. "தாங்குதா பாப்போம்."

ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால் இருக்கும்படி இருவரும் படுத்தார்கள். உதவியாளர்கள் முன்னாலும் பின்னாலும் பிடித்துத் தூக்கினார்கள். சத்தம் எதுவும் வரவில்லை. முற்றத்தைச் சுற்றி நடந்தார்கள், படியில் ஏறினார்கள், இறங்கினார்கள். ஓட்டுநர் அம்மா குனிந்து ஒவ்வொரு கொண்டியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே கூட நடந்தார்.

"அடுத்த தடவ துளி கால்சியம் சேக்கணும்யா" என்றது ஒரு பக்கத்திலிருந்து லென்ஸ்காரரின் குரல். "சீக்கிரத்துல தீப்பிடிக்காது. உனக்கும் நல்லது."

"கால்சியம் கூடினா அச்சுக்குள்ளயே விரிசல் விடும். உனக்கென்ன, கண்ணாடிக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு."

"துளின்னு சொன்னேன்யா. துளின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"உன் துளி எனக்குத் தெரியாதா. கால எடுய்யா மூஞ்சிலேர்ந்து."

ஓட்டுநர் அம்மா மேலாளரைப் பார்த்துச் சரி என்று தலையசைத்தார். உதவியாளர்கள் ஸ்ட்ரெச்சரை மரநிழலில் இறக்கி வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார்கள். கால்சியம் எவ்வளவு என்ற சண்டையில் மூழ்கியிருந்த இருவரும் இறக்கி வைத்ததைக் கவனிக்கவில்லை.